பதில் சொல்லும் கடமை

அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட ஒரு நாடு தன் ஆட்சியைத் தானே அமைத்துக்கொள்ள முற்படும்போது அதன் முன் இரண்டு வழிகள் காட்டப்படுகின்றன. மக்கள் தெரிந்தெடுத்த சபையிலிருந்து மந்திரிசபை தோன்றி, அச்சபையின் நம்பிக்கை உள்ளவரை மட்டுமே ஆளும் பாராளுமன்ற முறை ஒன்று. மக்கள் நேரே ஒரு மனிதரைத் தெரிந்து, நிர்வாக அதிகாரத்தைக் குறித்த சில ஆண்டுகளுக்கு அவர் கையில் ஒப்படைக்கும் ஜனாதிபதி முறை மற்றொன்று. இவற்றுள் எது நன்று என்பதைச் சட்ட வல்லுநர்களுக்குரிய கேள்வியாகவே பலரும் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னதாக அது ஓர் அறக் கேள்வி. ஒருவர் மற்றவர்மீது அதிகாரம் செலுத்துவது எப்போது நியாயமாகும்? அந்த அதிகாரத்தால் துன்புற்றவன் கேட்கும்போது எழுந்து நின்று பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்?

இதற்கு விடை காண ஏட்டுக் கல்வி மட்டும் போதாது; அனுபவம் வேண்டும். இலங்கை மக்களுக்கு அந்த அனுபவம் நிரம்ப உண்டு. 1931இலேயே சர்வஜன வாக்குரிமை பெற்ற நாடு அது. 1947 முதல் முப்பது ஆண்டுகள் பாராளுமன்ற முறையிலும், 1978 முதல் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியின் கீழும் அது வாழ்ந்திருக்கிறது. இவ்விரு முறைகளையும் கொழும்பிலிருந்து நோக்குவதைவிட, அதிகாரத்தின் கடைசிப் படியில் நிற்கும் ஓர் ஊரிலிருந்து நோக்குவதே தக்கது. திருகோணமலை மாவட்டத்திலே, கொட்டியாரக் குடாவின் கரையை அடுத்து, கடற்றொழிலையும் நெற்செய்கையையும் நம்பி வாழும் கிண்ணியாவை அதற்காக எடுத்துக்கொள்வோம். ஊரவரிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பேசும் மொழி தமிழ். நாடளாவிய கணக்கில் மதத்தாலும் மொழியாலும் சிறுபான்மையினர். ஓர் ஆட்சி முறையின் உண்மையான எடை இத்தகைய ஊரின் தராசிலேதான் தெரியவரும்.

ஜனாதிபதி முறையை ஆதரிப்போர் கூறும் நியாயங்களை முதலில் நேர்மையாகக் கேட்போம். சபையின் விருப்பு வெறுப்புகளுக்கு ஏற்ப ஆட்டங்காணாத பலமான நிர்வாகம் வளர்ந்துவரும் நாட்டுக்கு வேண்டும் என்று ஜே. ஆர். ஜயவர்த்தனா 1966இலேயே வாதிட்டார். 1977 பொதுத் தேர்தலில் அவருடைய கட்சி ஏறத்தாழப் பாதி வாக்குகளைப் பெற்று, 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. 1978 பெப்ரவரி 4ஆம் திகதி அவர் நிறைவேற்று ஜனாதிபதியானார். அவ்வாண்டு செப்டெம்பரில் புதிய அரசியல் யாப்பு நடைமுறைக்கு வந்தது. அதற்காக எடுத்துரைக்கப்பட்டவை மூன்று: ஆட்சிக்கு உறுதி கிடைக்கும், அபிவிருத்தி வேகம் பெறும், முழு நாட்டையும் ஒரே தொகுதியாகக் கொண்டு பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற வேண்டியிருப்பதால், எந்த வேட்பாளரும் சிறுபான்மையினரைப் புறக்கணிக்க மாட்டார். மூன்றும் கேட்பதற்கு இனியவை. மூன்றையும் கிண்ணியாவின் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அபிவிருத்தியிலிருந்து தொடங்குவோம். ஊருக்கும் திருகோணமலைப் பக்கத்துக்கும் இடையே கிடந்த நீரைக் கடக்க நெடுங்காலம் மக்கள் நம்பியிருந்தது, கிழக்கில் 'பாதை' என்று வழங்கும் மிதவைப் படகை. 2009 ஒக்டோபரில் சவூதி நிதியுதவியோடு கட்டப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்துவைக்கப்பட்டது. மாணவரும் நோயாளரும் வியாபாரிகளும் அதனால் அடைந்த நன்மையை எவரும் மறுக்க இயலாது. 'பலமான தலைவர் ஒருவர் இருந்ததனால்தானே பாலம் வந்தது' என்று சொல்லுவோரும் உளர்.

அதே ஊரின் மற்றொரு நீர்த்துறையைப் பாருங்கள். குறிஞ்சாக்கேணியில் புதுப் பாலத்துக்கான வேலை காரணமாகப் பழைய வழி மூடப்பட்டிருந்தது. மக்கள் மீண்டும் ஒரு பாதையில் ஏறினர். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்படக் குறைந்தது ஆறு உயிர்கள் போயின. நாட்டின் வரலாற்றிலேயே மிகப் பலமான அரசுகளுள் ஒன்று அன்று ஆட்சியில் இருந்தது. ஜனாதிபதியின் கையில் யாப்பின் இருபதாம் திருத்தம் தந்த அதிகாரம் இருந்தது. சபையில் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை இருந்தது. கைதானவர்களோ உள்ளூர் நகரசபையின் தலைவரும் பாதையை நடத்தியவர்களும். அவர்கள் குற்றவாளிகளா அல்லரா என்பது நீதிமன்றத்துக்குரிய விடயம். நம் கேள்வி வேறு. அதிகாரம் மேலே மேலே குவிகின்றது. பொறுப்போ கீழே கீழே இறங்கி, கடைசியில் துறையடியில் வந்து நிற்கின்றது. இது எந்த நியாயத்தில் அடங்கும்?

எந்த ஆட்சி முறையும் ஒரு படகு கவிழாமல் தானாகத் தடுத்துவிடாது என்பதை நாம் அறிவோம். பாராளுமன்ற முறை இருந்திருந்தால் அப்பிள்ளைகள் பிழைத்திருப்பர் என்று சொல்லவும் நாம் துணியவில்லை. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது மனப்பான்மையை. முழு அதிகாரமும் ஒரு மனிதரிடம் தங்கியிருக்கையில், கட்டப்பட்ட பாலம் அவருடைய கொடையாகிவிடுகின்றது. கட்டப்படாத பாலம் யாருடைய குற்றமும் ஆகாமற் போகின்றது. வரி செலுத்தும் குடிமகன் உரிமையாகக் கேட்க வேண்டியதை இரவலாகக் கேட்கப் பழகுகிறான். நன்றி செலுத்தத் தெரிந்த குடிகள் உருவாகின்றனர். கணக்குக் கேட்கத் தெரிந்த குடிகள் குறைகின்றனர். ஜனநாயகத்துக்குப் புதிய நாடொன்றில் இதைவிடப் பெரிய இழப்பு வேறு என்ன இருக்க முடியும்?

வேகத்தின் கதையும் இவ்வாறே. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சேதன விவசாயத்தின் நன்மை தீமைகளை ஈண்டு நாம் ஆராயவில்லை. தலைமுறை தலைமுறையாக வயலில் நிற்கும் விவசாயியிடமோ, விவசாய விஞ்ஞானிகளிடமோ போதிய ஆலோசனையின்றி, ஒரு முழு நாட்டின் விளைச்சலும் திடீர்த் தீர்மானமொன்றால் மாற்றப்பட்டது. நெல் விளைச்சல் வீழ்ந்தது, எதிர்ப்பு ஓங்கியது, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை தளர்த்தப்பட்டது. சபையிலே ஒரு யோசனை தாமதமாவதை நாம் குறையாகவே கருதிப் பழகிவிட்டோம். அந்தத் தாமதத்துக்குள்தான் கிண்ணியாவின் வயற்காரன் தன் வார்த்தையைச் சொல்ல ஓர் இடைவெளி கிடைக்கின்றது என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது நியாயம் சிறுபான்மையினரைப் பற்றியது. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. முஸ்லிம் அரசியல்வாதிகள் பலர் ஜனாதிபதி முறையை உளமார ஆதரித்தமைக்குக் காரணமே இதுதான். 2015 தேர்தலில் சிறுபான்மையினரின் வாக்குகள் வெற்றியைத் தீர்மானித்தமை அதற்குச் சான்றாகவும் அமைந்தது. ஆனால் 2019 நவம்பரில் வடக்கு கிழக்கின் ஐந்து தேர்தல் மாவட்டங்களும் எதிராக வாக்களித்தும் கோத்தபாய ராஜபக்ஷ 52.25 சதவீத வாக்குகளால் வெற்றி பெற்றார். பெரும்பான்மை இனத்தின் வாக்குகளை மட்டும் திரட்டியே இப்பதவியை அடையலாம் என்று நிரூபணமாயிற்று. பெரும்பான்மையினரின் அச்சத்தைத் தூண்டுவது சிறுபான்மையினரின் அன்பைத் தேடுவதைவிட மலிவான வழி என்று ஒருமுறை கண்டுகொண்ட பின், அந்த வழியை நாடாதிருக்கும் அரசியல்வாதிகள் எத்தனை பேர்?

அடுத்து நிகழ்ந்ததை முஸ்லிம் ஊர்கள் எளிதில் மறக்கமாட்டா. 2020 மார்ச் 2ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. தொற்றுநோயால் தேர்தல் பிற்போடப்பட, ஆகஸ்ட் வரை நாடு சபையின்றி ஆளப்பட்டது. அந்த இடைவெளியிலே, ஏப்ரல் 11ஆம் திகதி, கொவிட் நோயால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என்ற விதி வர்த்தமானியில் வெளியாயிற்று. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் பயனில்லை. உயர் நீதிமன்றத்திற் செய்யப்பட்ட முறையீடுகள் டிசம்பரில் தள்ளுபடியாயின. பிறந்து இருபது நாளே ஆன குழந்தையொன்றின் உடலும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியிற்றான் விதி மாறியது. 2024 ஜூலையில் மந்திரிசபை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்த உடல்களுக்கு அந்த மன்னிப்பால் என்ன ஆகும்?

இதிலே இன்னொரு கசப்பும் கலந்திருக்கிறது. எரிப்பு விதி நடைமுறையில் இருந்த காலத்திலேயே, 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி, ஜனாதிபதியின் அதிகாரத்தை மீண்டும் பெருக்கிய இருபதாம் திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்க்கட்சியின் பட்டியலில் நின்று வென்ற முஸ்லிம் அங்கத்தவர் சிலரும் அதற்குக் கையுயர்த்தினர். தனி மனிதர்களின் பலவீனம் என்று மட்டும் இதைச் சொல்லி முடித்துவிடலாகாது. பதவியும் சலுகையும் பாதுகாப்பும் ஒரே வாசலிலிருந்து வழங்கப்படும் அமைப்பிலே, மக்கள் பிரதிநிதி தன்னை அனுப்பிய மக்களைப் பார்ப்பதை விட்டு அந்த வாசலைப் பார்க்கத் தொடங்குகிறான். இப்பழக்கம் புதிதன்று. இம்முறையின் முதலாவது பாராளுமன்றத்திலேயே ஆளுங்கட்சி அங்கத்தவர்களிடமிருந்து திகதியிடப்படாத இராஜினாமாக் கடிதங்கள் வாங்கி வைக்கப்பட்டன. 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வஜன வாக்கெடுப்பை நடத்தி அந்தச் சபையின் ஆயுள் மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டப்பட்டது. உறுதி என்ற சொல்லின் பொருள் அங்கே இவ்வாறாயிற்று.

ஆட்சியாளர் தவறியபோது அவரை எவ்வாறு விலக்குவது? இரு முறைகளுக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகின்றது. 1964 டிசம்பரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு சபையில் ஒரே ஒரு வாக்கால் தோற்றது. தேர்தல் வந்தது, அரசு மாறியது. 1978க்குப் பின்னரோ, எந்த ஜனாதிபதியும் யாப்பிற் கூறப்பட்ட குற்றப் பிரேரணையால் விலக்கப்பட்டதில்லை. 1991இல் ஒருமுறை அது முயற்சிக்கப்பட்டுத் தோல்வியுற்றது. 2022இல் உணவும் மருந்தும் எரிபொருளும் இன்றி மக்கள் வீதியில் நின்றபோது, பிரதம மந்திரி மே 9ஆம் திகதி விலகி, கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலுள்ள திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அடைக்கலம் புகுந்தார். ஆயினும் ஆட்சி மாறவில்லை. ஜூலை 9ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்த பின்னரே, அவர் நாட்டை விட்டுச் சென்று பதவி துறந்தார். சட்டத்தின் கதவு அடைபட்டிருந்தமையால் மக்கள் மாளிகையின் கதவைத் திறக்க நேர்ந்தது. அதன் பின்னும் நடந்தது என்ன? தம் கட்சியிலிருந்து சபைக்கு வந்த ஒரே அங்கத்தவரான ரணில் விக்கிரமசிங்க, ஜூலை 20ஆம் திகதி சபையின் 134 வாக்குகளால் அதே முழு அதிகாரங்களுக்கும் உரியவரானார். மனிதர் மாறினார், ஆசனம் மாறவில்லை.

இந்தியாவின் அரசியல் நிர்ணய சபையிலே 1948 நவம்பர் 4ஆம் திகதி அம்பேத்கர் இவ்விடயத்தை வெகு தெளிவாக எடுத்துரைத்தார். ஜனநாயக நிர்வாகத்துக்கு உறுதியும் பொறுப்பும் வேண்டும். இரண்டையும் சம அளவில் தரும் முறை இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அமெரிக்க முறையில் உறுதி மிகுதி, பாராளுமன்ற முறையில் பொறுப்பு மிகுதி. ஒன்றில் ஆட்சியாளரைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை எடைபோடலாம், மற்றதில் நாள்தோறும் எடைபோடலாம் என்று விளக்கி, பொறுப்பையே தெரிந்துகொண்டதாக அவர் கூறினார். புதிதாக விடுதலை பெற்ற பல நாடுகள் மறுபக்கம் சென்றன. பாகிஸ்தானில் அயூப்கான் 1962 யாப்பினால் எண்பதாயிரம் வாக்காளரைக் கொண்டு தம்மைத் தெரிந்தெடுக்கும் முறையை ஏற்படுத்தினார். கானா 1960இல் ஜனாதிபதி முறையை ஏற்று, 1964இல் ஒரு கட்சி நாடாயிற்று. ஏகாதிபத்தியத்தை எதிர்த்துச் சிறை சென்ற நிக்குருமா போன்ற பெருந்தலைவருங்கூட இந்த வழுக்குப் பாதையிலிருந்து தப்பவில்லை. ஒருவரது நல்லெண்ணத்தை அடித்தளமாக வைத்து எழுப்பிய ஆட்சி, அவருடைய நல்லெண்ணம் எவ்வளவு காலம் நிலைக்குமோ அவ்வளவு காலமே நிற்கும்.

இவ்வளவும் கூறிய பின், பாராளுமன்ற முறையே பரிகாரம் என்று இக்கட்டுரையை முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. கிண்ணியாவின் தராசில் மறுதட்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையின் சிறுபான்மையினர்மீது விழுந்த முதல் அடிகள் ஜனாதிபதியின் கையால் விழுந்தவையல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பெருந்தொகையில் நாடற்றவராக்கியது. அதைத் தொடர்ந்து அவர்களுடைய வாக்குரிமையும் போயிற்று. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு பாரபட்சமான சட்டங்களைத் தடுக்கும் காப்பு என்று நம்பியிருந்தோருக்கு, 1953இல் பிரித்தானியாவின் கோமறைக் கழகம் அச்சட்டங்கள் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. கிண்ணியாவில் வாழ்ந்தவன் தன் அரசாங்கத்தோடு தன் தாய்மொழியில் பேச உரிமையற்றவனான சட்டம் அது. இவை யாவும் ஒழுங்குவிதிகளின்படி, சபையிலே, கையுயர்த்தி எண்ணிச் செய்யப்பட்டவை.

1972 மே 22ஆம் திகதி பிறந்த முதலாவது குடியரசு யாப்பைப் பற்றி முற்போக்காளர் குறிப்பாகச் சிந்திக்க வேண்டும். அதை ஆக்கும் பொறுப்பை ஏற்றிருந்தவர் இடதுசாரி இயக்கத்தின் மேதைகளுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா. 1956இல் ஒரே மொழிக் கொள்கை நாட்டைப் பிளக்கும் என்று சபையிலே எச்சரித்தவர் அவர். பிரித்தானிய முடியோடு இருந்த பிணைப்பை அந்த யாப்பு அறுத்தது, அது பாராட்டத்தக்கது. ஆனால் 29ஆம் பிரிவையும் அது கைவிட்டது. பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்கியது. இருந்த சபையின் ஆயுளை 1977 வரை நீட்டியது. தேசிய அரசுச் சபையே உன்னதமானது என்று அது பிரகடனம் செய்தது. சபையின் அந்தக் கட்டற்ற உன்னதமே, சபையில் ஆறில் ஐந்து பங்கைப் பெற்ற ஒருவர் நிறைவேற்று ஜனாதிபதிப் பதவியைச் சிருட்டித்துக்கொள்ளும் வசதியாக ஐந்தாண்டுகளில் மாறிற்று. அந்தப் புதிய யாப்பின் ஆபத்தை விரிவாக எழுதி எச்சரித்தவர் அதே இயக்கத்தைச் சேர்ந்த என். எம். பெரேரா. பெரும்பான்மையின் கையைக் கட்டவேண்டிய கயிற்றை, நம்முடையது என்று கருதும் பெரும்பான்மைக்காக அவிழ்த்துவிட்டால், அடுத்து வரும் பெரும்பான்மையும் அவிழ்ந்த கையோடுதான் வரும்.

வங்காள தேசத்தின் அனுபவமும் இதையே கூறுகின்றது. 1975இல் ஜனாதிபதி முறைக்குச் சென்ற அந்நாடு 1991இல் பாராளுமன்ற முறைக்குத் திரும்பியது. ஆனால் கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களிக்கும் அங்கத்தவர் ஆசனத்தை இழப்பார் என்ற யாப்பு விதி நீடித்தது. பிரதம மந்திரி பெயரளவில் சபைக்குப் பொறுப்பானவர். உண்மையில் சபைதான் அவருக்குக் கட்டுப்பட்டது. 2024 ஆகஸ்டில் மாணவர் எழுச்சியே அந்த ஆட்சியை அகற்ற வேண்டியிருந்தது. 1975 ஜூனில் இந்தியாவில் அவசர நிலையைக் கொண்டுவந்ததும் ஒரு பாராளுமன்ற அரசே.

ஆகவே, இரு முறைகளையும் பெயரால் ஒப்பிடுவதில் பயனில்லை. பதில் சொல்லும் கடமையை எது எவ்வளவு தூரம் நிறைவேற்றுகிறது என்பதே உரைகல். அந்த உரைகல்லில் பாராளுமன்ற முறைக்கே நாம் முதலிடம் தருகிறோம். அதன் தலைவர் தம்மைக் கண்டிப்பவர்களோடு ஒரே கூரையின்கீழ் அமர வேண்டியவர். கேள்வி கேட்கப்பட்டால் எழுந்து நிற்க வேண்டியவர். இரத்தம் சிந்தாமல் விலக்கப்படக்கூடியவர். அரசுகள் அடிக்கடி கவிழும் என்ற அச்சத்துக்கும் மருந்துண்டு. அடுத்தவரைத் தெரிந்த பின்னரே இருப்பவரை நீக்கலாம் என்று 1949இல் மேற்கு ஜெர்மனி தன் யாப்பில் எழுதிக்கொண்டது. அந்நாட்டில் அரசுகள் நீடித்தே நின்றன.

ஆனால் பல இனங்கள் வாழும் புதிய நாட்டில் அம்முறை நியாயமானதாக வேண்டுமானால் மூன்று வேலிகள் இன்றியமையாதவை. முதலாவது, மொழி, வழிபாடு, பிரஜாவுரிமை, இறந்தவரை அடக்கும் உரிமை போன்றவை எந்தப் பெரும்பான்மையும் தொடமுடியாத இடத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது, அங்கத்தவர் தம் மனச்சாட்சிப்படி வாக்களிக்கவும், எல்லாச் சமூகங்களும் சபையில் இடம்பெறவும் வழி வேண்டும். மூதூர் ஒருகாலம் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்ததைக் கிண்ணியாவின் முதியோர் அறிவர். 1970இல் அங்கிருந்து ஒரு முஸ்லிமும் ஒரு தமிழரும் ஒருங்கே சபைக்குச் சென்றனர். ஒருவரையொருவர் தோற்கடித்தே வாழவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை அத்தகைய ஏற்பாடு ஓரளவு தளர்த்தியது. மூன்றாவது, அதிகாரம் மாகாணத்துக்கும் ஊருக்கும் இறங்கிவர வேண்டும். 1987இல் வந்த மாகாண சபை முறையின்கீழ் அமைந்த கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதன் பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடவாமல், ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே மாகாணத்தை நடத்தலானார். மக்கள் தெரிந்தவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து அனுப்பப்பட்டவர் இருக்கும்போது, குறிஞ்சாக்கேணித் துறையில் நிற்பவன் யாரைக் கேட்பான்?

1994 முதல் வெவ்வேறு கட்சிகளின் வேட்பாளர்கள் இப்பதவியை ஒழிப்போம் என்று வாக்களித்துப் பதவிக்கு வந்தனர். 2024இல் அநுர குமார திசாநாயக்கவின் கட்சியும் அதே வாக்குறுதியை முன்வைத்து வென்று, பாராளுமன்றத்தில் 225இல் 159 ஆசனங்களைப் பெற்றது. வாக்குறுதி தந்தவர்கள் எல்லோரும் பொய்யர் என்று நாம் கருதவில்லை. அந்த ஆசனத்தில் அமர்ந்தவருக்கு, நல்லது செய்யத் தமக்கு இன்னும் சிறிது காலம் இவ்வதிகாரம் தேவை என்று தோன்றுவது இயல்பு. அந்த இயல்பே அப்பதவிக்கு எதிரான மிகப் பலமான வாதம். நல்லவருக்காக விட்டுவைக்கும் அதிகாரம் அவரோடு ஓய்வு பெறுவதில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதிலே செய்யக்கூடிய பணி சிறிதன்று. குடியியற் பாடத்தில் யாப்புகளின் ஆண்டுகளையும் திருத்தங்களின் எண்களையும் மனனம் செய்விப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். ஊரின் பாலத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, வேலை ஏன் நின்றது, அதை யாரிடம் கேட்கலாம், அவர் எத்தனை நாளில் பதில் தரக் கடமைப்பட்டவர் என்பவற்றையும் பாடமாக்குவோம். 2016இல் நிறைவேறிய தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு ஒரு கருவியையும் தந்திருக்கிறது. 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி அரிசி விலையை எதிர்த்து எழுந்த ஹர்த்தாலும் 2022இன் எழுச்சியும், எந்த முறையிலும் கேட்பவர் இல்லையேல் பதில் இல்லை என்பதையே காட்டின. கேட்பதற்கு நாட்டையே ஸ்தம்பிக்கச் செய்ய வேண்டியிராத ஓர் அமைப்பே நாம் வேண்டுவது. கிண்ணியாவில் உள்ள ஒரு மாணவன் காகிதத்தில் எழுதிக் கேட்ட கேள்விக்கு, கையொப்பமிட்ட பதில் அவனுடைய மொழியிலேயே வந்து சேரட்டும். அந்த நாட்டை ஜனநாயக நாடு என்று அப்போது தயக்கமின்றி அழைப்போம்.